மாங்காய் குரூப்பில் மாடு ஓடினால் அட்மின் என்ன செய்வது

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி. காலை 6 மணிக்கு எங்கள் மாந்தோப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் மாம்பூங்கொத்து போட்டோ ஒன்றைப் போட்டு, "கொத்தைத் தட்டினா தத்துப்பூச்சி பறக்குது, கீழ இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, இப்ப என்ன அடிக்கிறது?" என்று கேட்டிருந்தார். கேட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்து ஊர் எருதுவிடும் விழா வீடியோ வந்து இறங்கியது. அதற்குக் கீழே இன்னொருவர் தன் ஊர் மாட்டை ஓட்டினார். எந்த மாடு எத்தனை விநாடியில் கோட்டைத் தாண்டியது, கடிகாரம் பிடித்தவன் யார் வீட்டு ஆள் என்று மத்தியானம் வரை சண்டை. சாயந்திரம் நான் திறந்தபோது 140 மெசேஜ் நின்றது. மேலே ஏறிப் போய்ப் படிக்க எனக்கும் பொறுமை இல்லை, 'எல்லாம் பார்த்தாச்சு' என்று கீழே இழுத்துவிட்டு மூடிவிட்டேன். 9 நாள் கழித்து அவரே போன் செய்தார். "அட்மின்னு பேரு வச்சிருக்க, ஒருத்தராவது பதில் சொன்னீங்களா?" அதற்குள் அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து, பாதிப் பூ கொட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சம்பந்தமில்லாத பேச்சை என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தேன். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர், அந்தப் பக்கம் காரிமங்கலம் வரை ஆள் இருக்கிற குரூப் இது (2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது, தோப்பும் சொந்தபந்தமும் அப்படியேதான் இருக்கிறது). 600 பேருக்கு மேல். மாங்காயை எடுத்துவிட்டு உங்கள் பள்ளிப் பெற்றோர் குரூப், தெரு குரூப், பழைய மாணவர் குரூப் எதை வைத்துப் படித்தாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும். பெரிய ஆள் மாதிரி சொல்லவில்லை, தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன், அந்தத் தப்புகளையும் கீழே சொல்கிறேன்.

முதலில் பெயரைச் சரி செய்யுங்கள்

எங்கள் குரூப்புக்கு ஆரம்பத்தில் நான் வைத்த பெயர் 'விவசாய நண்பர்கள்'. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் கறவை மாடு விற்பனைக்கு என்று போட்டால் எப்படித் தடுப்பது? மாடு விவசாயம் இல்லையா? போர் போடுகிறவர், டிராக்டர் விற்கிறவர், ராயக்கோட்டை தக்காளி விலையைத் தினமும் போடுகிறவர், எல்லோரும் பெயரின்படி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். 'நண்பர்கள்' என்று வேறு சொல்லிவிட்டேனா, பிறந்தநாள் வாழ்த்தும் சரிதான். அப்படிப் பார்த்தால் தப்பு முழுக்க என்னுடையது. 'மா சாகுபடி, கேள்வி பதில்' என்று பெயரை மாற்றியதில் மட்டும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே, கால்வாசிக் குப்பை நின்றது.

அப்புறம் குரூப் விளக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள். நீளமாக எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள், 18 விதிமுறை போட்ட ஒரு குரூப்பில் நானும் இருக்கிறேன், மூன்றாவது விதி என்னவென்று இன்று வரை தெரியாது. எங்களுடையது இவ்வளவுதான்:

"இங்கே மா மட்டும்: பூ, பிஞ்சு, பூச்சி, நோய், மருந்து, பறிப்பு, மண்டி விலை, கூழ் ஃபேக்டரி விலை, தோப்புக் குத்தகை. கேள்வி கேட்கும்போது போட்டோ, ரகம், மரத்தின் வயது, ஊர் நான்கையும் போடுங்கள். மற்ற எந்தப் பேச்சும் திண்ணை குரூப்பில், லிங்க் கீழே. உங்கள் மெசேஜை எடுக்க வேண்டி வந்தால் முதலில் உங்களிடம் தனியாகச் சொல்வோம்."

திண்ணை என்பது ஊர்ப்பேச்சுக்கு என்று நாங்கள் வைத்திருக்கிற இரண்டாவது குரூப், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு, அதைக் கொடுத்தால்தான் மேலே உள்ள மூன்று வரியையும் அவர்கள் மதிப்பார்கள். இதையே ஒரு மெசேஜாகப் போட்டு மேலே பின் செய்தும் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், அதனால் மாதத்தின் முதல் தேதி மறுபடி பின் செய்ய வேண்டும் என்று நான் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஒரே நேரத்தில் 3 பின் வைக்க முடியும், ஒன்று இந்த விதி, ஒன்று அன்றைய விலை, மூன்றாவது இடத்தை இன்னும் பதில் கிடைக்காத கேள்விக்கு ஒதுக்குங்கள். அந்த ஜனவரியில் இது எனக்குத் தோன்றியிருந்தால் அந்தப் போன் எனக்கு வந்திருக்காது.

எது சம்பந்தமில்லாதது?

இங்கேதான் சங்கடமே. குட்மார்னிங் பூவும் காபி டம்ளரும் சுலபம், யாரும் அதற்காகச் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் பாதி மெசேஜ் எல்லையில் நிற்கும். நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்று: அடுத்த வருடம் இதே மாதம் ஒருவர் குரூப்பின் தேடல் பெட்டியில் 'தத்துப்பூச்சி' என்றோ 'செந்தூரா விலை' (செந்தூரா ஒரு மா ரகம்) என்றோ தேடினால் இந்த மெசேஜ் அவருக்கு உதவுமா? உதவும் என்றால் இருக்கட்டும், எழுத்துப்பிழையோ கோபமோ இருந்தாலும் இருக்கட்டும். இந்த அளவுகோலில் பெரும்பாலானது தானாகப் பிரிந்துவிடும், பிரியாமல் நிற்பது சில உண்டு, அவற்றைச் சொல்கிறேன்.

சாவுச் செய்தி. இதை அளவுகோலில் வைத்தால் சம்பந்தமில்லாததுதான். ஆனால் நம் ஊரில் அதை நீக்குகிற அட்மினை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள், எடுப்பு எத்தனை மணிக்கு என்று நாலு ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது. நாங்கள் உறுப்பினர் வீட்டுத் துக்கம் என்றால் ஒரு மெசேஜ் அனுமதிக்கிறோம். பிரச்சினை அந்த ஒரு மெசேஜில் இல்லை, அதற்குக் கீழே வரிசையாக விழுகிற 200 'ஆழ்ந்த இரங்கல்'களில்தான். அதனால் செய்தி போட்ட உடனே அட்மினில் ஒருவர் கீழே "இரங்கலை மேலே உள்ள மெசேஜிலேயே கைகூப்பி அடையாளமாகப் போட்டுவிடுங்கள், வீட்டாருக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுவார். ரியாக்‌ஷன் என்கிற வசதி 2022-ல் வந்தது, எங்களுக்கு அது இந்த ஒரு விஷயத்துக்காகவே வந்தது போல ஆகிவிட்டது.

யானை. ஓசூர், சானமாவு, சூளகிரி பக்கம் கேழ்வரகு அறுப்பு சமயத்தில் யானைக்கூட்டம் நடமாடும். "இந்த ஊர் ஏரிக்கரைல 4 நிக்குது" என்று ஒருவர் போட்டால் அதில் மாங்காய் எங்கே என்று நான் கேட்கப் போவதில்லை. ராத்திரி மோட்டார் போடப் போகிறவன் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் யானை வீடியோ என்று எங்கேயோ அசாமில் எடுத்ததைப் போட்டால் அது வேறு. இடமும் நேரமும் இல்லாத எச்சரிக்கை எதுவானாலும் எடுத்துவிடுவோம்.

ரத்தம் தேவை மெசேஜ்களுக்கும் இதேதான். தேதி, மருத்துவமனை, பேசுகிறவர் பெயர் மூன்றும் இல்லாவிட்டால் அது ஏழெட்டு வருடமாக ஊர் சுற்றுகிற மெசேஜாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள், ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்தால்தான் அந்த அடையாளம் விழும். அப்படிப்பட்டதை 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் தள்ள முடியும் என்று வாட்ஸ்அப் கட்டிவிட்டது, நம் ஆட்கள் அதையும் ஒவ்வொரு குரூப்பாகப் பொறுமையாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அந்த உழைப்பைத் தோப்பில் போட்டிருக்கலாம்.

தெலுங்கு. வேப்பனப்பள்ளி பக்கத்து ஆட்கள் சில பேர் வாய்ஸ் மெசேஜை தெலுங்கிலேயே போடுவார்கள். "தமிழ் குரூப்ல எதுக்கு இது" என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் அன்றைக்கே நிறுத்தினேன். பேசுகிறது பெங்களூரா ரக மாமரத்தின் இலைப்பேனைப் பற்றி என்றால் எந்தப் பாஷையில் பேசினாலும் சம்பந்தமுள்ள பேச்சுதான். புரிகிறவர் ஒருவர் தமிழில் இரண்டு வரி எழுதிவிடுவார், வேலை முடிந்தது.

கடைசியாக அரசியல், இதற்குத்தான் அதிக நேரம் போகும். 2025 சீசனில் பெங்களூரா விலை படுத்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும், பறிப்புக் கூலிக்கே கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "கவர்மெண்ட் ஆதார விலை தரணும்" என்று எழுதினால் அது அரசியலா, மாங்காயா? எனக்குச் சந்தேகமே இல்லை, அது மாங்காய். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம், வாங்க என்பதும் மாங்காய்தான். அடுத்த மெசேஜில் எந்தக் கட்சி ஆட்சியில் என்ன நடந்தது என்று ஆரம்பித்து, மூன்றாவது மெசேஜில் ஒரு தலைவரின் கார்ட்டூன் வந்தால், அந்த இரண்டாவது மெசேஜில் கை வைக்க வேண்டும். மூன்றாவது வரை விட்டால் தாமதம். நான் வைத்த கோடு: விலை, கொள்முதல், ஃபேக்டரி, மானியம் என்று பேசலாம், யாரையும் எவ்வளவு கோபமாகவும் கேட்கலாம். கட்சிப் பெயரும் சாதிப் பெயரும் வந்த இடத்தில் பேச்சு நிற்கும். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஒரே கோடு. நீங்களே ஒரு கட்சிக்காரர் என்றால் இந்த முடிவை உங்கள் கட்சியில் இல்லாத இன்னொரு அட்மினை எடுக்க விடுங்கள், நீங்கள் எவ்வளவு நியாயமாக எடுத்தாலும் நம்ப மாட்டார்கள்.

தனியாகப் பேசுவது

தடம் மாறிய மெசேஜைப் பார்த்ததும் கை தானாக டைப் அடிக்கும், "தேவையில்லாத பதிவுகளைத் தவிர்க்கவும்" என்று குரூப்பிலேயே. அடிக்காதீர்கள். இந்த வாக்கியத்தை நான் நூறு தடவையாவது போட்டிருப்பேன், ஒரு தடவை கூட வேலை செய்ததில்லை. யாரைச் சொன்னேனோ அவர் அதை இன்னொருவருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்வார், ஒழுங்காக இருக்கிற நாலு பேர் தங்களைத்தான் சொன்னேன் என்று சுருங்கிப் போவார்கள்.

மெசேஜை அழுத்திப் பிடித்தால் 'தனியாகப் பதிலளி' என்று ஒன்று வரும், அதில் போங்கள். அவர் போட்ட மெசேஜும் கூடவே வரும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று விளக்க வேண்டியதில்லை. வயசுக்குத் தக்க பேச்சு வேண்டும். பெரியவர் என்றால் நான் இப்படித்தான் எழுதுவேன்: "பெரியப்பா, வீடியோ நல்லா இருந்துச்சு, நம்ம ஊர் மாடா? காலைல ஒருத்தர் தத்துப்பூச்சி பத்திக் கேட்டிருக்காரு, அது கீழ போயிடுச்சு. இத எடுத்துட்டுத் திண்ணைல போடுறீங்களா?" சின்னப் பையன் என்றால், "தம்பி, இது திண்ணைக்கு. மாத்திடு." போதும். பெண்கள் எங்கள் குரூப்பில் 40 பேர் போல இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த மாதிரி மெசேஜை அட்மினாக இருக்கிற அக்கா அனுப்புவார். முன்பின் தெரியாத ஆண் ஒருவன் திடீரென்று தனி மெசேஜில் வந்து நின்றால் யாருக்கு நன்றாக இருக்கும்?

இதில் முக்கியம், அவரையே எடுக்கச் சொல்வது. அனுப்பியவர் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இரண்டரை நாள் வரை நேரம் இருக்கிறது. அட்மின் அழித்தால், இன்னார் அழித்தார் என்று உங்கள் பெயரோடு எல்லோர் போனிலும் ஒரு வரி நிற்கும். அந்த ஒரு வரி ஊரில் என்ன வேலை செய்யும் என்று கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து அதை எழுதினவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தானாக எடுத்தவருக்கு மானம் போகவில்லை, அடுத்த தடவை நீங்கள் சொல்லாமலே யோசிப்பார்.

தனியாகச் சொல்லிக் கேட்காவிட்டால் மறுபடி தனியாக. மூன்றாவது தடவை மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். எழுத்தில் விறைப்பாகத் தெரிகிறது குரலில் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். எங்கள் குரூப்பில் தினமும் 4 சாமி படம் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாத்தாவுக்கு ஒரு வழியாகப் போன் போட்டேன். அவருக்கு ஒரு குரூப்புக்கும் இன்னொரு குரூப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை, பேரன் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் டிக் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் 5 மாதமாக அவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

திண்ணை

மேலே பல தடவை சொல்லிவிட்டேன், இரண்டாவது குரூப் ஒன்று வேண்டும். இது இல்லாமல் முதல் குரூப்பைச் சுத்தமாக வைக்க நினைத்தால், சும்மா சொல்லவில்லை, உங்களுக்கு இரத்தக்கொதிப்புதான் மிச்சம். ஆட்கள் எருதுவிடும் வீடியோ போடுவது குரூப்பைக் கெடுக்க இல்லை. பொங்கல் முடிந்து இரண்டு மூன்று மாதம் இந்த ஜில்லாவில் ஊர் ஊராக எருது ஓடும், பூப்பூக்கிறதும் அதே நேரம்தான், தை மாசி. மருந்து அடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மனிதர்கள், பேசுகிற இடம் இன்றைக்குப் போன் ஆகிவிட்டது. இடத்தைக் கொடுக்காமல் பேசாதே என்றால் எங்கே போவார்கள்?

திண்ணையில் விதி எதுவும் இல்லை, சாதியும் ஆபாசமும் தவிர. மாடு, கோயில் திருவிழா, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போனது, பையனுக்குப் பெண் பார்க்கிறது, எல்லாம் அங்கே. தொடங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அட்மினும் அங்கே போய்ப் பேச வேண்டும். முதல் மாதம் நான் எல்லோரையும் திண்ணைக்கு விரட்டினேனே தவிர நான் ஒரு வார்த்தை அங்கே பேசவில்லை, அது காலி வீடு போலக் கிடந்தது, எல்லோரும் திரும்பி இங்கேயே வந்தார்கள். அப்புறம் என் தோப்புக் கிணற்றில் விழுந்த நாயை மேலே எடுத்த கதையை அங்கே போட்டேன், அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்த பேச்சு இன்னும் நிற்கவில்லை.

இரண்டையும் சேர்த்துக் கட்ட வாட்ஸ்அப்பில் 2022 கடைசியில் 'கம்யூனிட்டி' என்று ஒரு வசதி வந்தது, ஒரு குடைக்குக் கீழே பல குரூப். உறுப்பினர் அதிகம் என்றால் பயன்படும். ஒரு குரூப்பில் 1024 பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதால் நாங்களும் அந்தப் பக்கம் போக வேண்டி வரலாம். டெலிகிராமில் ஒரே குரூப்புக்குள் தலைப்பு தலைப்பாகப் பிரித்து வைக்கலாம், ஒருவர் அடுத்தடுத்து மெசேஜ் போட முடியாதபடி இடைவெளியும் வைக்கலாம். வசதி என்று பார்த்தால் அதுதான் மேல். ஆனால் நம் பெரியவர்களை டெலிகிராம் ஏற்றச் சொல்லி நான் பட்டபாட்டை இங்கே எழுத ஆரம்பித்தால் அதுவே தடம் மாறின பேச்சாகிவிடும்.

பூட்டு போடுகிற வசதி, அதாவது அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம் என்கிற அமைப்பு, 2018-லேயே வந்துவிட்டது. சில குரூப்பில் அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறார்கள். அதற்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகலாம், எதற்கு குரூப்? நாங்கள் சண்டை முற்றினால் மட்டும், ராத்திரி 9-லிருந்து காலை 5 வரை பூட்டுவோம். தூங்கி எழுந்தால் பாதிக் கோபம் போயிருக்கும். பூட்டும்போது "காலைல திறக்கிறோம், மருந்து அவசரம்னா அட்மினுக்குப் போன் பண்ணுங்க" என்று கட்டாயம் எழுதிவிட்டுப் பூட்டுங்கள்.

சீசனுக்குத் தகுந்தபடி கையை இறுக்குவதும் தளர்த்துவதும் உண்டு. டிசம்பரில் இருந்து ஜூலை வரை, பூவில் தொடங்கி நீலம் ரகத்தின் கடைசிப் பறிப்பு வரை, கறார். ஆகஸ்டுக்கு மேல் கவாத்தும் உரமும் தவிரப் பேச ஒன்றும் இருக்காது, அப்போது ஒருவர் பேரப்பிள்ளை போட்டோ போட்டால் நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். வருடம் முழுக்க ஒரே விறைப்பாக இருந்தால் குரூப் செத்துவிடும், செத்த குரூப்பில் ஜனவரியில் கேள்வி கேட்க ஒருவரும் வர மாட்டார்கள்.

வெளியே அனுப்புவது

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாமாவை, அம்மா வழியில் தூரத்து உறவு, குரூப்பை விட்டு நீக்கினேன். தினமும் கட்சி வீடியோ. மூன்று தடவை குரூப்பில் எச்சரித்தேன் (தனியாக ஒரு தடவை கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்). நான்காவது தடவை கோபத்தில் ரிமூவ். இன்னார் இன்னாரை நீக்கினார் என்று 500 பேர் பார்க்க ஒரு வரி விழுந்தது. ஒன்றரை வருடம் என்னிடம் பேசவில்லை. கல்யாண வீட்டில் நான் வணக்கம் வைத்தால் பந்தியைப் பார்ப்பார். அதோடு போகவில்லை, 45 வருடம் மரம் வளர்த்த மனிதர், காலாப்பாடு ரகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் குரூப்பில் யாருக்கும் தெரியாது, அத்தனையும் அவரோடு வெளியே போய்விட்டது. கடைசியில் போச்சம்பள்ளி சந்தையில் நேருக்கு நேர் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, "மாமா, தப்பா பண்ணிட்டேன், முதல்ல உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்" என்றதும்தான் முடிந்தது. திரும்ப வந்தார். இப்போது கட்சி வீடியோ திண்ணையில் போடுகிறார், அங்கேயும் யாரும் பார்ப்பதில்லை என்று குறைப்படுகிறார்.

ஆகவே உறவுக்காரரை, ஊர்க்காரரை நீக்க வேண்டும் என்றால் இரண்டு அட்மின் பேசி, ஒரு ராத்திரி தள்ளிவைத்து, அவரிடம் சொல்லிவிட்டு நீக்குங்கள். வேண்டாம் என்று அவரே நினைத்தால் அவராகவே வெளியேறலாம், இப்போது ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், அந்த வழியை முதலில் சொல்லிப் பாருங்கள். யாரென்றே தெரியாத நம்பர் வந்து கடன் ஆப், ஆன்லைன் ரம்மி, 'வீட்டிலிருந்தே தினம் 5000' போட்டால் இந்த மரியாதை எதுவும் தேவையில்லை, பார்த்த விநாடி நீக்குங்கள், மெசேஜையும் அழியுங்கள். புதிதாகச் சேர்பவரை அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம் என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு வராது. எந்த ஊர், எத்தனை மரம் என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு உள்ளே விடுகிறோம். ரம்மிக்காரனுக்கு மரம் இருக்காது.

அட்மின் எத்தனை பேர் வேண்டும் என்றால், ஒருவராக இருக்கக் கூடாது. ஊர்ப் பக்கத்துக்கு ஒருவராக ஐந்து பேர் வைத்திருக்கிறோம், அதில் ஒருவர் தெலுங்கு தெரிந்தவர், ஒருவர் பெண், ஒருவர் ராத்திரி தூக்கம் வராதவர். கடைசி ஆள் சிரிப்புக்குச் சொல்லவில்லை, குப்பை மெசேஜ் பெரும்பாலும் 11 மணிக்கு மேல்தான் விழுகிறது.

யாரோ தப்பான மெசேஜ் போட்டால் போலீஸ் அட்மினைப் பிடிப்பார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2021-ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், அதே வருடக் கடைசியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022 தொடக்கத்தில் கேரள உயர்நீதிமன்றமும், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொருவர் போட்டதற்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்கிற விதமாகத்தான் சொல்லியிருக்கின்றன. நீங்களும் அதில் கூட்டு என்றால் கதை வேறு. அதனால் பயந்துபோய் குரூப்பைப் பூட்டி வைக்க வேண்டாம். வன்முறையைத் தூண்டுவது, பெண்களை இழிவுபடுத்துவது வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உடனே அழியுங்கள், அந்த இடத்தில் தனியாகச் சொல்கிற வேலையெல்லாம் இல்லை.

சம்பந்தம் இருக்கிறது, ஆனாலும் கூடாது

இதை நான் ரொம்ப நாள் கவனிக்காமல் இருந்தேன். குட்மார்னிங்கை விரட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், "பூ முழுசா விரிஞ்சதும் நல்லா பூச்சிமருந்து அடிங்க" என்று ஒருவர் போட்டதை நல்ல மெசேஜ் என்று விட்டுவிட்டேன். பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்க வருகிற தேனீயும் ஈயும் சேர்ந்து சாகும், அப்புறம் பிஞ்சு எப்படி நிற்கும்? பூங்கொத்து போட்டோவுக்குப் பதில் வராததால் ஒரு தோப்பு கெட்டது, இந்தப் பதில் வந்ததால் எத்தனை தோப்பு கெட்டதோ. கார்பைடு கல் விற்பனைக்கு என்று வருவதும் இந்த வகைதான். பழுக்க வைப்பதற்குக் கார்பைடு பயன்படுத்துவது சட்டப்படி தடை, மாங்காய் குரூப்பில் மாங்காய் விஷயமாகத்தான் வருகிறது, ஆனாலும் ஒரு நிமிடம் கூட நிற்க விடக் கூடாது.

மருந்து, அளவு சொல்கிற மெசேஜுக்கு நாங்கள் வைத்திருக்கிற ஒரே நிபந்தனை, யார் சொன்னது என்று போட வேண்டும். சொந்த அனுபவமா, மருந்துக்கடைக்காரர் சொன்னதா, தோட்டக்கலை அலுவலரா, பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டதா, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் மையத்தில் கேட்டதா. தப்பு என்று தெரிந்தால் அழிக்க மாட்டோம். அழித்தால், காலையில் படித்தவர் அதையே நம்பிக்கொண்டு டேங்கில் கலக்கப் போய்விடுவார். அதன் மேலேயே பதிலாக "இது சரியில்லை, காரணம் இது" என்று எழுதி, போட்டவருக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். கார்பைடு விளம்பரம் மட்டும் விதிவிலக்கு.

எனக்கே இன்னும் பிடிபடாத ஒன்று, நீளமான வாய்ஸ் மெசேஜ். ஒரு அண்ணன் இருக்கிறார், போன வாரம் 4 நிமிடம் 10 விநாடி அனுப்பினார். முதல் நிமிடம் சாம்பல் நோய். அங்கிருந்து மழை, மழையில் இருந்து கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் நிலவரம், அணைப் பூங்காவில் மீன் வறுவல் முன்னே மாதிரி இல்லை, பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் திடீரென்று மறுபடி மரத்துக்கு வந்து, சாம்பல் நோய்க்கு அடிக்கிற நனையும் கந்தகத்தை வெயில் உச்சியில் அடிக்காமல் சாயந்திரம் அடித்தபோது பிஞ்சு கருகவில்லை என்று ஒன்று சொன்னார், அது உருப்படியான விஷயம். இதைத் திண்ணைக்கு அனுப்பினால் கந்தகம் போய்விடும், இங்கே வைத்தால் மீன் வறுவலைக் கேட்க வேண்டும். இப்போதைக்கு இன்னொரு அட்மின் அதைக் கேட்டு "2:50-லிருந்து கேளுங்க" என்று கீழே எழுதிவிடுகிறார். அண்ணனுக்கு அது பெருமையாகிவிட்டது, நேற்று 6 நிமிடம் அனுப்பியிருக்கிறார்.